ஐநா தீர்மானங்களால் பயங்கரவாதம் தடுக்கப்பட்டிருக்கிறதா?

கேள்வியின் சாரம் இது: 2001-க்குப் பிறகு ஐக்கிய நாடுகள் நிறுவனமும் மற்ற அமைப்புகளும் எத்தனையோ தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டன; தாக்குதல்கள் நின்றபாடில்லை; இந்த அனைத்துலக முயற்சிகளால் உண்மையிலேயே ஏதாவது தடுக்கப்பட்டிருக்கிறதா, சிங்கப்பூர் பின்பற்றும் முறையை மற்ற நாடுகள் எடுத்துக்கொள்ள முடியுமா? வங்கிகளில் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும், கம்ப்ளையன்ஸ் என்று அழைக்கப்படும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த கோணத்திலிருந்து விளக்க முயல்கிறேன்.

பணமும் ஆட்களும் எல்லை கடக்கும் வழிகளை அடைப்பதில் அனைத்துலக முயற்சிகள் கணிசமான பலனைத் தந்திருக்கின்றன. ஒரு மனிதர் வன்முறையின் பக்கம் சாய்வதைத் தடுப்பதில் அவை தந்திருக்கும் பலன் மிகக் குறைவு. முதல் வேலையை எல்லா நாடுகளுக்கும் சட்டக் கடமையாக விதித்தவர்கள், இரண்டாவதை அவரவர் விருப்பத்துக்கும் நன்கொடையாளர்களின் தயவுக்கும் விட்டுவிட்டார்கள் என்பதே அதற்கு முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு.

கட்டாயத்தின் கதையிலிருந்து தொடங்கலாம். நியூயார்க் தாக்குதல் நடந்து 17 நாட்களில், 2001 செப்டம்பர் 28 அன்று இரவு, ஐநா பாதுகாப்பு மன்றம் 1373-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக, மிகச் சில நிமிடங்களில் நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பதைக் குற்றமாக்க வேண்டும், தொடர்புடையவர்களின் சொத்துகளைத் தாமதமின்றி முடக்க வேண்டும், புகலிடம் தரக்கூடாது, என்ன செய்தோம் என்று 90 நாட்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும் என்று அது ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் கட்டளையிட்டது. அதற்கு முன்பு, கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடுகளை மட்டுமே உடன்படிக்கைகள் கட்டுப்படுத்தின. நிதியளிப்பைத் தடுக்கும் உடன்படிக்கை 1999-லேயே தயாராகிவிட்டபோதும், நியூயார்க் தாக்குதல் நடந்த நாளில் அதை உறுதிசெய்திருந்தவை நான்கே நாடுகள். அந்த நான்கில் இலங்கையும் ஒன்று. ஏன் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1373-க்குப் பிறகு ‘நான் கையெழுத்திடவில்லை’ என்று எந்த நாடும் ஒதுங்கி நிற்க முடியாமல் போயிற்று. சிங்கப்பூர் அதே ஆண்டு நவம்பரில் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2002-இல் பயங்கரவாத நிதியளிப்பை ஒடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. 2016-இல் இங்கு வேலை பார்த்த பங்ளாதேஷ் ஊழியர்கள் நால்வருக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். அவர்கள் ஒவ்வொருவரும் கொடுத்த தொகை சிறியது. தங்கள் நாட்டில் தாக்குதல் நடத்துவதற்காகத் திரட்டப்படுகிறது என்று தெரிந்தே கொடுத்தார்கள் என்பதே குற்றம்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பார்க்க வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் பணம் அனுப்பும் கடை எதிலாவது வரிசையில் நின்றால் போதும். புதுக்கோட்டைக்கோ மன்னார்குடிக்கோ சம்பளத்தை அனுப்ப வரும் ஊழியரிடம் வேலை அனுமதி அட்டையைக் கேட்பார்கள். பெறுபவர் யார், என்ன உறவு, எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்பார்கள். பெயரைக் கணினியில் தட்டியதும் அது ஐநாவின் தடைப்பட்டியலோடும் உள்நாட்டுப் பட்டியல்களோடும் ஒப்பிடப்படும். அப்துல் ரஹ்மான், முஹம்மது இப்ராஹிம் போன்ற பரவலான பெயர் உள்ளவர்களுக்கு இங்கேதான் சிக்கல். பிறந்த தேதி, கடப்பிதழ் எண் எல்லாம் பார்த்து ‘இவர் அவரல்ல’ என்று ஓர் அதிகாரி முடிவு செய்யும்வரை பணம் நகராது. ஊரில் மருத்துவமனைக் கட்டணம் செலுத்தக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கேள்விகளின் பிறப்பிடம் பாரிஸில் இருக்கும் நிதி நடவடிக்கைப் பணிக்குழு. ஜி7 நாடுகள் கள்ளப்பணத்தைத் தடுப்பதற்காக 1989-இல் தொடங்கிய அந்த அமைப்பு, 2001 அக்டோபரில் பயங்கரவாத நிதியையும் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டது. சிங்கப்பூர் 1992 முதல் உறுப்பினர். 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை அதன் தலைவராக இருந்தவரும் சிங்கப்பூரரான டி. ராஜா குமார்தான். படை, நீதிமன்றம், சிறை எதுவும் அதற்குக் கிடையாது. கண்காணிப்பில் குறைபாடுள்ள நாடுகளுக்கென அது வெளியிடும் சாம்பல் பட்டியலில் ஒரு நாட்டின் பெயரைச் சேர்த்துவிட்டால் அந்த நாட்டு வங்கிகளோடு தொழில் செய்ய மற்ற வங்கிகள் தயங்கும். அதுவே அதன் பலம். பாகிஸ்தான் 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அந்தப் பட்டியலில் இருந்தது. பல ஆண்டுகளாக வெளிப்படையாக நடமாடிக்கொண்டிருந்த, லஷ்கர்-இ-தொய்பா அமைப்பின் நிறுவனரான ஹஃபிஸ் சயீதை அந்நாட்டு நீதிமன்றம் பயங்கரவாத நிதி வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது 2020 பிப்ரவரியில். ஐநா அவரைத் தடைப்பட்டியலில் சேர்த்தது 2008-இல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் கண்டனங்களால் நடக்காதது, வங்கிக் கணக்குகளின் மீது விழுந்த நெருக்கடியால் நடந்தது. கட்டாயம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பயணத்தைத் தடுப்பதிலும் ஏறக்குறைய இதே கதை. சிரியாவுக்கும் ஈராக்குக்கும் 40,000-க்கும் அதிகமான வெளிநாட்டவர்கள் போராளிகளாகச் சென்ற பிறகு, 2014-இல் 2178-ஆம் தீர்மானமும், திரும்பி வருபவர்களைக் கண்டறிய 2017-இல் 2396-ஆம் தீர்மானமும் வந்தன. விமானப் பயணிகளின் விவரத்தை முன்கூட்டியே பெறுவது கட்டாயமானது. காணாமற்போன, திருடப்பட்ட கடப்பிதழ்களைப் பற்றிய இன்டர்போலின் தரவுத்தளத்தை எல்லைச் சாவடிகளிலேயே சரிபார்க்கும் வழக்கம் பரவியது. இன்டர்போலின் புத்தாக்க வளாகம் ஒன்று 2015 முதல் நம் நேப்பியர் சாலையிலேயே இயங்குகிறது.

இவ்வளவு கட்டாயம் விதித்தவர்கள் எதைத் தடுக்கிறோம் என்பதை மட்டும் வரையறுக்கவில்லை. பயங்கரவாதம் பற்றிய முழுமையான உடன்படிக்கை ஒன்றை இந்தியா 1996-இல் முன்மொழிந்தது. அது இன்றுவரை வரைவாகவே கிடக்கிறது. விடுதலைக்காக ஆயுதம் ஏந்துவோரை எப்படிப் பார்ப்பது, அரசப் படைகளின் செயல்களைச் சேர்ப்பதா விடுவதா என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டி அது நகரவில்லை. 1373-ஆம் தீர்மானத்திலோ, அகதித் தகுதி பற்றிய பத்தியைத் தவிர, மனித உரிமை பற்றிப் பேச்சே இல்லை. நாடுகள் எடுக்கும் நடவடிக்கைகள் மனித உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று பாதுகாப்பு மன்றம் எழுத்தில் சொன்னது 2003 ஜனவரியில்தான்.

வரையறை இல்லாத கட்டளை ஒரு அரசின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழுலகம் அருகிலிருந்து பார்த்திருக்கிறது. இந்தியாவில் 2001 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 2002-இல் முழுச் சட்டமான பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஒரு பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ கைதாகி, ஏறத்தாழ 19 மாதங்கள் சிறையில் இருந்தார். 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிகமானது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் அதன் பிடி தளரவில்லை. புலிகள் இயக்கத்தின் வன்முறையைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், பேச்சையும் குண்டையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் தடுப்பு வேலைக்கு உதவாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கத் தேவையில்லை. ஐநாவின் பட்டியலுக்கும் இதே குறை இருந்தது. தன் பெயர் ஏன் சேர்க்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளவோ எதிர்த்து வாதிடவோ வழியில்லாமல் சொத்துகள் முடக்கப்பட்ட காதி என்ற சவுதி வணிகர் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2008 செப்டம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த அழுத்தத்தால்தான் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் மனுக்களை ஆராய ஒரு குறைதீர்ப்பாளர் பதவியைப் பாதுகாப்பு மன்றம் 2009 டிசம்பரில் உருவாக்கியது. அப்பாவிக்கும் அங்கே ஒரு வாசல் வேண்டும் என்பதை உணர அவர்களுக்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

இனி விருப்பத்துக்கு விடப்பட்ட பாதியைப் பார்ப்போம். ஐநா பொதுப்பேரவை 2006 செப்டம்பர் 8 அன்று ஏற்றுக்கொண்ட உலகளாவிய உத்திக்கு நான்கு தூண்கள்: பயங்கரவாதம் பரவ இடமளிக்கும் சூழ்நிலைகளைக் களைவது, தடுத்துப் போராடுவது, நாடுகளின் திறனை வளர்ப்பது, மனித உரிமையையும் சட்ட ஆட்சியையும் காப்பது. பெரும்பாலான நாடுகள் பணத்தையும் ஆட்களையும் இரண்டாம் தூணில்தான் கொட்டின. இதைச் சரிசெய்யத்தான் அன்றைய ஐநா தலைமைச் செயலாளர் பான் கீ மூன் 2016 ஜனவரியில் வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுக்கும் செயல்திட்டத்தை முன்வைத்தார். கல்வி, வேலைவாய்ப்பு, இளையர்கள், பெண்கள், நல்லாட்சி என எழுபதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் அதில் இருந்தன. பொதுப்பேரவை அந்த முயற்சியை வரவேற்று, திட்டத்தைக் குறித்துக்கொண்டது. அலுவலக நடைமுறை தெரிந்தவர்களுக்கு ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்றால் என்ன என்பது தெரியும். 2017-இல் ஐநாவில் பயங்கரவாத எதிர்ப்புக்கெனத் தனி அலுவலகம் உருவானபோதும் அதன் பெரும்பகுதிச் செலவு சில நாடுகள் மனமுவந்து தரும் நிதியால்தான் நடந்தது. முன்பிருந்த ஐநா பயங்கரவாத எதிர்ப்பு மையத்துக்குச் சவுதி அரேபியா மட்டும் 2014-இல் 10 கோடி அமெரிக்க டாலர் வழங்கியிருந்தது. பணம் தருபவரின் சொந்த நாட்டு நடத்தையைப் பற்றி அந்த அலுவலகம் எவ்வளவு உரக்கப் பேச முடியும் என்பது வேறு கதை.

அந்த நடத்தைதான் விஷயத்தின் மையம் என்பதற்கு ஐநா வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வே சாட்சி. ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுக்களில் தாமாகச் சேர்ந்த 495 பேரிடம் பேசி 2017-இல் அது வெளியிட்ட அறிக்கையில், எந்தக் கட்டத்தில் சேர முடிவெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு 71 விழுக்காட்டினர் சொன்ன பதில் அரசின் செயல்: நெருங்கியவர் ஒருவர் கொல்லப்பட்டது, கைதானது போன்றவை. 2023-இல் ஏறத்தாழ 2,200 பேரிடம் பேசி வெளியான அடுத்த அறிக்கையில், சேர்ந்ததற்கு முதன்மைக் காரணம் வேலை என்றவர்கள் கால்வாசி. சமயம் என்றவர்கள் 17 விழுக்காடு. நாடுகள் பணப் பரிமாற்றத்தைச் சரியாகக் கண்காணிக்கின்றனவா என்று பரிசோதிக்க வல்லுநர் குழுக்கள் நேரில் வருகின்றன. ஒரு காவல் நிலையம் கிராமத்து இளையரை எப்படி நடத்துகிறது என்று பார்த்துச் சாம்பல் பட்டியல் போட எந்த அமைப்பும் இல்லை.

இணையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். நேரலையின்போது பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு. முதல் புகார் வந்தது நேரலை முடிந்து 12 நிமிடங்களுக்குப் பிறகு. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அந்தக் காணொளியின் 15 இலட்சம் பிரதிகளை நிறுவனம் அகற்றவோ தடுக்கவோ வேண்டியிருந்தது. இரண்டு மாதங்களில் அன்றைய நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்னும் பிரெஞ்சு அதிபர் இமானுவல் மக்ரோனும் பாரிஸில் அரசாங்கங்களையும் நிறுவனங்களையும் ஒரே மேசைக்கு அழைத்துவந்து, இணையத்திலிருந்து பயங்கரவாதப் பதிவுகளை அகற்றும் உறுதிமொழியான கிறைஸ்ட்சர்ச் அழைப்பை வெளியிட்டார்கள். 2017-இலேயே ஃபேஸ்புக், மைக்ரோசாப்ட், டுவிட்டர், யூடியூப் ஆகியவை சேர்ந்து தொடங்கியிருந்த கூட்டமைப்பின் வேலைமுறை இதுதான்: பயங்கரவாதக் காணொளி என்று ஒரு நிறுவனம் முடிவு செய்ததும் அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவையைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கும், அதே கோப்பு வேறு தளத்தில் ஏற்றப்பட்டால் எண்கோவை பொருந்தி அடையாளம் தெரிந்துவிடும். பழைய காணொளி மீண்டும் மீண்டும் பரவுவதைத் தடுக்க இது மிக நல்ல கருவி.

புதிதாகப் பேசப்படும் பேச்சுக்கு இதனால் பயனில்லை. ஆங்கிலத்தில் இல்லாத பேச்சுக்கு இன்னும் குறைவு. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் 250-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தாக்குதல்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம் தமிழில் பிரசங்கம் செய்தவன். ஃபேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் அவன் கக்கிய வெறுப்பு நம் மொழியில்தான் இருந்தது. அவன் ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்கள் அவனை எதிர்த்தார்கள், புகார் கொடுத்தார்கள். 2017-இல் அங்கே நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவானான். இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4 அன்றே எச்சரித்தது. கொழும்பில் அதிபருக்கும் பிரதமருக்கும் இடையிலிருந்த பூசலில் அது அமுங்கிப்போனது. தகவல் பரிமாற்றம் என்ற அனைத்துலக ஏற்பாடு அன்று தன் வேலையைச் செய்தது, பெற்றவர்கள்தான் செய்யவில்லை. அவன் பேச்சைக் கேட்டுப் பதறிய தமிழ் பேசும் முஸ்லிம்கள் இருந்தார்கள்; அவர்கள் சொன்னதைக் காதில் வாங்க, நிறுவனங்களிலும் சரி, அரசிலும் சரி, ஆளில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். 2001 டிசம்பரில் தென்கிழக்காசியப் பயங்கரவாத அமைப்பான ஜெமா இஸ்லாமியாவின் உறுப்பினர்கள் கைதானபோது வெளிவந்த திட்டங்களில் ஈசூன் எம்ஆர்டி நிலையமும் ஒன்று. அதைப் படம்பிடித்து விளக்கும் காணொளி ஆப்கானிஸ்தானில் அல்காய்தா தலைவர் ஒருவரின் வீட்டு இடிபாடுகளில் கிடைத்தது. கைதானவர்களோடு பேசிப் பார்த்த சமய ஆசிரியர்கள், இவர்கள் படித்தது பிழையான பாடம் என்று கண்டு, 2003-இல் சமய மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினார்கள். உஸ்தாத் அலி முஹம்மதும் உஸ்தாத் முஹம்மது ஹஸ்பி ஹசனும் அதன் முன்னோடிகள். அதோடு இணைந்து நடந்த இன்னொரு வேலை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தடுப்புக்காவலில் இருப்பவரின் மனைவிக்கு உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்புக்குத் துணை என்று முஸ்லிம் அமைப்புகள் சேர்ந்து ஒரு பராமரிப்புக் குழுவாகக் குடும்பத்தைத் தாங்கின. தகப்பன் செய்ததற்குப் பிள்ளை ஒதுக்கப்பட்டு, அந்தக் கசப்பில் இன்னொரு தலைமுறை வளரக்கூடாது என்பது அதன் கணக்கு. ஐநா செயல்திட்டம் பக்கம் பக்கமாகச் சொல்வதை இங்கே 13 ஆண்டுகள் முன்னதாகவே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஏற்பாடு ஒரு சமயத்தாருக்கு மட்டுமானது என்ற எண்ணம் 2021 ஜனவரியில் உடைந்தது. கிறைஸ்ட்சர்ச் கொலையாளியைப் பின்பற்றி, அதே மார்ச் 15 அன்று இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களில் வெட்டுக்கத்தியால் தாக்கி, அதை நேரலையாகவும் ஒளிபரப்பத் திட்டமிட்ட 16 வயது மாணவன் முந்தைய மாதம் கைதான செய்தியை உள்துறை அமைச்சு அறிவித்தது. அவன் இந்திய இனத்தைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவன். தீவிர வலதுசாரிக் கருத்தால் ஈர்க்கப்பட்டு இங்கே தடுத்துவைக்கப்பட்ட முதல் ஆள். அவன் மனத்தில் ஊறியிருந்த வெறுப்பின் ஆழம் வீட்டாருக்கே தெரியாது என்று விசாரணை கண்டது. பாரிஸ் மேசையில் கையெழுத்திட்டவர்கள் அகற்ற முயன்ற அதே காணொளிதான் அவனைச் சென்றடைந்திருந்தது. கிறிஸ்தவ சமயத் தலைவர்களும் உளவியலாளர்களும் அவனோடு வேலை செய்தார்கள்; 2024 ஜனவரியில் கட்டுப்பாடுகளுடன் அவன் விடுவிக்கப்பட்டான்.

இதை மற்ற நாடுகள் எடுத்துக்கொள்ளலாமா? 2015 ஏப்ரலில் சமய மறுவாழ்வு குறித்துக் கிழக்காசிய உச்சநிலை மாநாட்டு நாடுகளின் கருத்தரங்கை இங்கே நடத்தியதிலிருந்து, பார்த்துப் போக வருபவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பார்க்க வருபவர்கள் பாராட்டுகிற ஆலோசனை முறைக்கு அடியில், விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மனம் மாறியதாக அதிகாரிகள் நம்பும்வரை ஒருவரை வைத்திருக்க அது வழிசெய்கிறது. நேரம் கிடைப்பதால் ஆலோசனைக்கும் பலன் கிடைக்கிறது. தண்டனைக் காலம் முடிந்ததும் விடுவித்தே ஆக வேண்டிய நாடுகளில் அந்த வசதி இல்லை. பிரிட்டனில் சிறையில் மறுவாழ்வுத் திட்டங்களில் பங்கெடுத்து வெளியே வந்த ஒருவன், 2019 நவம்பரில் லண்டன் பாலத்தருகே கைதிகளின் கல்வி பற்றிய நிகழ்ச்சியிலேயே இருவரைக் கொன்றான். அதற்காகச் சிங்கப்பூரின் சட்டத்தை அப்படியே எடுத்துச் செல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய நாட்டில், எண்ணிவிடக்கூடிய வழக்குகளில், மறுஆய்வு வாரியத்தின் மேற்பார்வையில் நடப்பது ஒன்று. ஆயிரக்கணக்கானோரை அள்ளிச் செல்லும் நாட்டின் கையில் அதே அதிகாரம் என்ன செய்யும் என்பதற்கு மேலே சொன்ன பொடாவும் இலங்கைச் சட்டமும் உதாரணங்கள். போர் முடிந்த 2009-இல் சரணடைந்த சுமார் 12,000 முன்னாள் புலிகளை இலங்கை அரசு மறுவாழ்வு நிலையங்களில் வைத்தது. தொழில் கற்றுத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் திரும்பிய பிறகும் வீட்டு வாசலில் இராணுவப் புலனாய்வாளர் வந்து நின்றதால், அது மறுவாழ்வா தொடர் கண்காணிப்பா என்ற சந்தேகம் வடக்கில் தீரவில்லை.

ஆகவே யாராவது என்னிடம் எதை எடுத்துச் செல்வது என்று கேட்டால், அரசு சம்பளம் வாங்காமல் தொண்டாக வரும் சமய ஆசிரியர்களையும், குடும்பத்தைத் தாங்கும் பராமரிப்புக் குழுவையும் சொல்வேன். இரண்டுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. நிதி நடவடிக்கைப் பணிக்குழு நாடுகளை மதிப்பிடுவது போல, சிறையிலிருப்பவரின் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பதையும் ஒரு நாட்டின் தடுப்பு அறிக்கையில் கேட்கும் நிலை வந்தால், 2016-இல் குறித்துக்கொள்ளப்பட்ட அந்தத் திட்டத்தில் ஒரு பரிந்துரையாவது கட்டாயமாகியிருக்கும்.